என் நேர்ச்சை, அவர் கால்

எனக்கு எண்பத்து நான்கு வயது. வளர்த்தது ஏழு பேரை. வயிற்றில் சுமந்தது ஐந்து, மற்ற இரண்டும் செத்துப்போன என் நாத்தனார் விட்டுப் போனவை. ஏழும் இன்றைக்கு நிமிர்ந்து நடமாடுகின்றன. நான் படித்தது மூன்றாவது வரைக்கும்தான், அதுவும் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில், ஞானோபதேசத்தோடு சேர்த்து. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வந்தால் அதிகம். அவசரம் ஒன்றும் இல்லை. பிழை இருந்தால் என் பெரிய மகனின் மகள், என் பேத்தி, திருத்துவாள். விஷயத்தைத் திருத்த நான் விடமாட்டேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஊரில் இப்போதும் பேசுவார்கள். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் தீட்டாத அரிசிச் சோறு, தினம் ஒரு கீரை, சாயந்திரம் கொள்ளோ பயறோ ஒரு கிண்ணம். விடிந்ததும் நடை. ஆண்டவர் கொடுத்த உடம்பை அவர் கேட்கும்போது ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று மாதர் சங்கத்தில் எழுந்து நின்று பேசியிருக்கிறேன். கை தட்டினார்கள். பக்தியால் வந்த பழக்கம் என்று சொன்னேன், அது பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் பயம் வந்தது. அதை மட்டும் நான் எந்தச் சங்கத்திலும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில், ஏரியை ஒட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் டிரைவர். வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை, மில் எஞ்சினை ஓட்டுகிறவர். நாள் முழுவதும் எஞ்சின் பக்கத்தில் நிற்பார், இல்லாவிட்டால் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார். என் மாமியார் காலத்தில் அந்த வீட்டில் கூழும் களியும்தான். இவர் மில்லுக்குப் போன பிறகு இரண்டு தரம் தீட்டிய அரிசி வந்தது. மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை. மூன்று வேளையும் அதைத்தான் பொங்கினேன். ஊரில் வேறு யார் வீட்டிலும் அப்படி வெள்ளைச் சோறு இல்லை என்று எனக்குப் பெருமை.

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். அறுப்பு முடிந்திருந்த சமயம். ஒரு நாள் காலையில் கொல்லைப் பக்கம் போனேன். வேலி ஓரம், இவர் ஒன்றுக்குப் போகிற இடத்தில், மண் தெரியாமல் எறும்பு மொய்த்திருந்தது.

அப்படியே நின்றுவிட்டேன். சின்ன வயதில் எங்கள் அப்பா போகிற இடத்திலும் இதே எறும்பைப் பார்த்திருக்கிறேன். அப்பா கொத்தனார். ஓடு குத்திக் காலில் ஒரு சின்னக் காயம் வந்தது. அது ஆறவே இல்லை. விரல் கறுத்தது, பாதம் வீங்கியது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட அவர் இல்லை. எறும்பைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தட்டையான வேட்டிதான் கண்ணில் வந்தது.

இவரிடம் சொல்லவில்லை. தினமும் அவர் எழுவதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றி எறும்பை விரட்டினேன். எறும்பு இல்லாவிட்டால் வியாதியும் இல்லை என்று ஆகிவிடுமா? எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு வாரம் ஊற்றினேன். இவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். சட்டை தொளதொளத்தது. மில்லில் நின்றபடியே தூங்கி விழப் பார்த்தார் என்று கேள்விப்பட்ட அன்றுதான் கோயில் பக்கத்து மருந்தகத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

மருந்தகத்தைக் கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள். அங்கே இருந்த சிஸ்டர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் இவருடைய சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. நிற்குமா என்று பார்த்தேன். நிற்கவில்லை. கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சிறுநீரில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சிவக்கும் என்று சொல்லி, சிஸ்டர் குழாயை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பிறகு நிதானமாக மூன்று விஷயம் சொன்னார். மாத்திரையோடு, வெள்ளை அரிசியை விட்டுத் தவிட்டோடு இருக்கிற அரிசியும் கேழ்வரகும் கீரையும் கொடு. தினமும் மூன்று நான்கு மைல் நடக்க வை. மூன்றாவது, செருப்பில்லாமல் நடக்கவிடாதே, தினம் அவர் பாதத்தைத் திருப்பிப் பார். கோயிலைத் தினம் பெருக்குகிற மாதிரி உடம்பையும் பெருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நீல மருந்து ஒரு பாட்டிலும் ஒரு கண்ணாடிக் குழாயும் கொடுத்தார். முதல் இரண்டையும் நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

தீட்டாத அரிசி கேட்பதற்கு இவருக்குத்தான் வெட்கம். ஊருக்கெல்லாம் வெள்ளையாகத் தீட்டிக் கொடுக்கிறவர், தன் வீட்டுக்கு மட்டும் தவிட்டோடு வேண்டும் என்று எப்படிக் கேட்பார்? அங்கே புடைக்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா?

"இன்னா டிரைவரே, மாட்டுக்குப் பங்காளி ஆயிட்டியா?" என்று கேட்டார்களாம். இவரும் விடவில்லை. மாடாவது காலையில் எழுந்து வேலைக்குப் போகிறது என்று அவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

என் ஓரகத்தி அடுத்த வீட்டில் இருந்தாள். கூழ் காய்ச்சுகிற வாசனை வேலிக்கு அப்பால் போனதும் எட்டிப் பார்த்து, "இன்னாடி, உன் வூட்ல பஞ்சம் வந்துட்ச்சா?" என்றாள். தவக்காலம் வருகிறது, ஒருசந்தி இருக்கப் பழகிக்கொள்கிறோம் என்று சொன்னேன். வியாதி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் சொல்லச் சொல்ல அதையே நானும் நம்பத் தொடங்கினேன். தவக்காலத்தில் நாங்கள் கறி மீன் தொடமாட்டோம், ஒரு வேளைதான் வயிறு நிறையச் சாப்பிடுவோம். ஆண்டவரே இந்த வியாதிக்குச் சரியான காலத்தில் சரியான பத்தியத்தை அனுப்பியிருக்கிறார் என்று தோன்றியது. பத்தியத்தை ஆண்டவர் பார்த்துக்கொண்டார், நடைக்கு நான்தான் வழி செய்ய வேண்டும்.

தவக்காலம் தொடங்குகிற விபூதி புதனுக்கு முந்தின சாயந்திரம் மாதா கெபிக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து ஏரிக்கரை மேலேயே போனால் இரண்டு மைல், போக வர நான்கு. கல்லை அடுக்கிக் குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சுரூபம் வைத்திருப்பார்கள். மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வாய்விட்டே சொன்னேன். தாயே, எங்கப்பா காலை எடுத்தது போதும். இவர் காலை எனக்கு விட்டுவை. தவக்காலம் நாற்பது நாளும் இவர் செருப்பில்லாமல் உன்னிடம் நடந்து வருவார்.

எங்கள் பக்கத்தில் நேர்ச்சை நடை என்றால் வெறும் காலோடுதான். செருப்புப் போட்டுக்கொண்டு போனால் அது சந்தைக்குப் போகிற மாதிரி. சிஸ்டர் நடக்கச் சொன்னார், நான் நடையை மாதாவுக்குக் கொடுத்தேன். மருந்தும் நேர்ச்சையும் ஒரே பாதையில் போகிறது என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம்! செருப்பு என்று சிஸ்டர் சொன்னது அப்போது நினைவுக்கு வரத்தான் செய்தது. நேர்ச்சைக்காக நடக்கிறவனை மாதா பார்த்துக்கொள்ள மாட்டாளா என்று அதைத் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"நேர்றதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேக்க மாட்டியாமே?"

"கேட்டா வேணாம்னுவீங்க."

"சர்தான். காலு என்னுது, நேர்ச்ச உன்னுது" என்று சிரித்தார். மறுநாள் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் நடந்தார். முதல் வாரம் நானும் கூடப் போனேன். பிறகு ஏழு பிள்ளைகளுக்குச் சமைக்கவேண்டும் என்று நின்றுவிட்டேன். கரை முழுவதும் சரளைக் கல். இரண்டு பக்கமும் வேலிகாத்தான் முள். முதல் வாரம் இவர் கல் குத்துகிறது என்று முகம் சுளித்தார். இரண்டாவது வாரம் சுளிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் திரும்பி வந்து உட்கார்ந்து, ஆச்சரியமாகச் சொன்னார்.

"வலியே தெர்லமே. பஞ்சு மேல நடக்குற மாரி கீது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாதா அவர் காலுக்கு அடியில் கையை வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்தில் அதைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. முள்ளிலும் கல்லிலும் நடக்கிறார், வலி இல்லை, பஞ்சு மாதிரி இருக்கிறதாம் என்றேன். பெண்கள் மரியே வாழ்க என்றார்கள். மறுநாள் கரைமேல் இரண்டு பேர் இவருக்காகக் காத்திருந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். இவருக்குப் பிடிக்கவில்லை. ஏன் இதை ஊரெல்லாம் சொல்கிறாய் என்று என்னைக் கடிந்துகொண்டார். எனக்கு அந்தக் கோபம்கூடத் தாழ்மையாகத்தான் தெரிந்தது.

குழாயும் என் பக்கம்தான் பேசியது. தினம் காலையில் அடுப்படியில் சிஸ்டர் காட்டிக்கொடுத்த மாதிரி எட்டுச் சொட்டு விட்டுச் சூடு காட்டுவேன். என் ஓரகத்தி வேலிக்கு மேலே பார்த்துவிட்டு, நான் மந்திரம் பண்ணுகிறேன் என்று தெருவில் சொன்னாள். சொல்லட்டும். செங்கல் நிறம் மஞ்சளாயிற்று. மஞ்சள் பச்சையாயிற்று. நான்காவது வாரத்தில் ஒரு நாள் நீலம் நீலமாகவே நின்றது. குழாயை ஜன்னலில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூழும் கீரையும் நடையும் என்ன செய்யும் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அது இன்றும் உண்மைதான். அதில் குற்றம் இல்லை.

குருத்தோலை ஞாயிறு வந்தது. அடுத்த நாள் காலையில் குழாய் பச்சையைத் தாண்டி மஞ்சளுக்குப் போயிற்று. சொட்டு கூட விட்டுவிட்டேனோ என்று மறுபடி செய்தேன். மஞ்சள்தான். செவ்வாய்க்கிழமை ஆரஞ்சு.

சாப்பாடு அதே சாப்பாடு, நடை அதே நடை. பிறகு எங்கிருந்து வருகிறது? வெளியே தின்கிறார் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மில்லிலிருந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். டீக்கடையில் சர்க்கரை போட்டுக் குடித்தீர்களா, தவக்காலத்தில் திருட்டுத் தீனியா என்று கேட்டேன். பிள்ளைகள் கேட்கக் கேட்கப் பேசினேன்.

"மாதா மேல சத்தியமா இல்லமே" என்றார்.

"கொழாய் பொய் சொல்லுதா அப்ப?"

அன்று சாயந்திரம் கொள்ளுக் கிண்ணத்தையும் கொடுக்காமல் மோர் மட்டும் கொடுத்தேன். மறுநாள் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டார். வெயில் காலத்தில் குளிரா? பட்டினியால்தான் இருக்கும் என்று நினைத்தேன். இத்தனை நடந்தும் நான் அவர் காலைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஊரே தொட்டுக் கும்பிட்ட காலை, நான் ஒரு தரம்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

பெரிய வியாழன். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய மாதிரி, அன்றைக்குச் சாயந்திரப் பூசையில் எங்கள் பங்குச் சாமியார் ஊரில் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்துக் காலைக் கழுவித் துடைத்து முத்தம் கொடுப்பார். அந்த வருடம் பன்னிரண்டில் ஒருவராக இவரையும் கூப்பிட்டார்கள். வெறும் காலில் நடக்கிறவர் என்று பெயர் ஆகிவிட்டதல்லவா? எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. வெள்ளை வேட்டியை நீலம் போட்டுத் துவைத்துவைத்தேன். சாமியார் கழுவுவதற்கு முன்னாலேயே வீட்டில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அழுக்குக் காலை யாராவது சாமியார் கையில் கொடுப்பார்களா? இவரும் கிணற்றடியில் நின்றபடியே காலோடு கால் தேய்த்துக் கழுவிக்கொண்டார். அன்று காலையோடு முப்பத்தெட்டு நாள் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு நாள்தான்.

நான் பெண்கள் பக்கம் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் முழங்காலிட்டபடியே ஒவ்வொருவராக வந்தார். இவர் ஏழாவது. வலது காலைத் தட்டின் மேல் ஏந்தித் தண்ணீர் ஊற்றினார். துண்டால் துடைத்தார். முத்தம் கொடுக்கக் குனிந்தார். குனிந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

கோயிலில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. சாமியார் இவர் காலை மெதுவாகத் திருப்பி உள்ளங்காலை விளக்குப் பக்கம் காட்டிப் பார்த்தார். நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தார். இவர் ஒன்றும் தெரியாமல் சாந்தமாக உட்கார்ந்திருந்தார். பிறகு சாமியார் அந்தக் காலுக்கு முத்தம் கொடுத்தார், அடுத்தவரிடம் போனார். பூசை முடிகிறவரைக்கும் ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. எங்கப்பாவின் வேட்டிதான் வந்துகொண்டே இருந்தது.

பூசை முடிந்ததும் சாமியார் இவரை உள்ளறைக்கு அழைத்துச் சிஸ்டரையும் வரச் சொன்னார், நானும் பின்னாலேயே போனேன். சுண்டுவிரலுக்குக் கீழே, காய்த்த தோலில், கடுகு அளவு ஒரு ஓட்டை. அவ்வளவுதான். சிஸ்டர் அதன் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். சீழ் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அந்த வாசனையை நான் சின்ன வயதில் எங்கள் வீட்டில் மோந்திருக்கிறேன். கடைசியில் இடுக்கியை விட்டு ஒரு அங்குல நீளத்துக்கு வேலிகாத்தான் முள்ளை உருவி எடுத்தார். கறுத்துப் போயிருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ. அத்தனையும் செய்யும்போது இவர் அசையவில்லை. இன்னும் வலிக்கவில்லை என்றுதான் சொன்னார்.

சிஸ்டர் என்னைப் பார்த்து, "செருப்பு போடச் சொன்னேனேம்மா" என்றார். அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரிய வெள்ளி அன்று பஸ் குறைவு. மில்லிலிருந்து பட்டணத்துக்குத் தவிடு ஏற்றிக்கொண்டு போகிற லாரியில் இவரை மூட்டைமேல் படுக்கவைத்துக் காலை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தண்டலம் தாண்டினோம். பிறகு, "பயப்படாதமே" என்றார். என் கைநடுக்கம் அவர் காலுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதுக்காரர். இவரைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு குண்டூசியை எடுத்து இவர் உள்ளங்காலில் குத்தினார்.

"இப்ப குத்துறேனா?"

"இல்ல சார்."

வேறு இடத்தில் குத்தினார்.

"இப்ப?"

"இல்ல சார். குத்துங்க, பரவால்ல."

ஊசி உள்ளே நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரத்தம் ஒரு பொட்டு வந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, இனிமேல்தான் குத்தப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. பஞ்சு இல்லை. மாதாவின் கை இல்லை. கால் செத்துக்கொண்டு வந்திருக்கிறது, நான் அதை அருள் என்று ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். இந்த வியாதியில் உணர்ச்சி போய்விடும் என்று டாக்டர் விளக்கினார். புண் உள்ளே இருந்தால் சாப்பாடு எவ்வளவு சரியாக இருந்தாலும் சர்க்கரை ஏறும் என்றார். அப்படியென்றால் குழாய் பொய் சொல்லவில்லை, இவரும் பொய் சொல்லவில்லை. நான்தான் சத்தியம் செய்தவரைத் திருடன் என்றேன்.

கணுக்கால் வரைக்கும் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, காலைச் சுற்றி, டாக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டார். "ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்போம். செவப்பு இந்தக் கோட்டத் தாண்டுனா முட்டிக்குக் கீழ எடுத்துடணும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை. ஊசி போட்டார்கள், புண்ணைக் கீறிக் கழுவினார்கள். நான் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தால் சிவப்பு நகருகிற மாதிரி இருக்கும். கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தால் அங்கேயேதான் இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் உள் கணுக்கால் பக்கம் ஒரு இடத்தில் சிவப்பு கோட்டைத் தொட்டது. தொட்டது, நான் பார்த்தேன். நர்ஸைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எடுத்துவிடுவார்களோ என்று வேட்டியை இழுத்து அந்த இடத்தை மூடிவிட்டேன். எறும்பின்மேல் தண்ணீர் ஊற்றின புத்திதான். ஒரு நிமிடம் கழித்து எனக்கே வெட்கமாகி வேட்டியை விலக்கிவிட்டுக் கூப்பிட்டேன். தொட்டதுதான், தாண்டவில்லை, காலை வரைக்கும் பொறு என்றாள் நர்ஸ்.

இன்னொரு பயமும் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. நேர்ந்தது நாற்பது நாள். முப்பத்தெட்டுதான் ஆகியிருக்கிறது. முடிக்காத நேர்ச்சை வீட்டில் யார் தலையிலாவது விழும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஏழு பிள்ளைகளின் முகத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். யார் என்று நினைத்தேன். இதைவிடப் பயங்கரமான எண்ணம் ஒரு தாய்க்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். சிவப்பு கோட்டுக்குள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்துப்போய்விட்டன, அவை போகும், கால் நிற்கும் என்றார். கால் நிற்கும் என்பதை நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். நான்கு தரம் சொன்னார், பாவம்.

அன்று மத்தியானம், உயிர்ப்புத் திருநாள் பூசையை முடித்துவிட்டுச் சாமியார் பார்க்க வந்தார். வராந்தாவில் அவரிடம் நேர்ச்சையைப் பற்றிக் கேட்டேன்.

"சாமி, ரெண்டு நாளு பாக்கி நிக்குது. இனி அவரால முடியாது. புள்ளைங்க மேல விழுமா?"

"நேர்ந்துக்கிட்டது யாரு?"

"நானு சாமி."

"நடந்தது?"

"அவரு."

"அப்போ உன் கால் எதுக்கும்மா இருக்கு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. மாதா பிள்ளைகளின் தலையில் எதையும் போடமாட்டாள், உனக்கு மனம் ஆறாவிட்டால் பாக்கியை நீ நட, அவர் இனி செருப்பில்லாமல் ஒரு அடி வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு விரலோடு போயிற்று. ஊருக்குத் திரும்பின பிறகு இரண்டு நாளும் நானே நடந்தேன், வெறும் காலோடு. நான் சின்ன வயதிலிருந்து செருப்பில்லாமல் திரிந்தவள்தான். ஆனாலும் அந்தக் கரையில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. பாதி வழியில் ஒரு முள் ஏறியது. அம்மா என்று கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து பிடுங்கி எறிந்தேன். வலித்ததால்தான் பிடுங்கினேன். இவ்வளவு சுலபமானது அவருக்கு இல்லாமல் போயிற்றே என்று அங்கேயே அழுதேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் இருந்தார். அதே கூழ், அதே தீட்டாத அரிசி, அதே நடை. செருப்பு மட்டும் ரப்பர் பஞ்சு வைத்துத் தனியாகத் தைத்துக்கொண்டோம். தினமும் சாயந்திரம் ஒரு தாம்பாளத்தில் அவர் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் விலக்கி, உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். பன்னிரண்டு வருடமும், திருப்புகிற அந்த ஒரு நிமிடம் எனக்கு மூச்சு நின்றுதான் வந்தது. பழகவே இல்லை. கடைசியில் மார்வலியில் போனார், இரண்டு காலோடும்தான் போனார். பெட்டியில் வைத்தபோது வேட்டி இரண்டு பக்கமும் ஒழுங்காக நின்றது. அதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. விரல் எப்படிப் போயிற்று என்று யார் கேட்டாலும் அவர், "நான்தான் புத்தியில்லாம நேர்ந்துக்கினேன்" என்று சொல்லிவிடுவார். நான் பக்கத்திலேயே நிற்பேன். முதல் தரம் மறுக்க வாயைத் திறந்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அடுத்த தரம் நான் வாயைத் திறக்கவில்லை. அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. அப்பா பக்தி முற்றிப்போய் விரலைப் பறிகொடுத்தவர் என்று என் பெரிய மகன் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்கிறான். நானும் கேட்டுக்கொண்டு சோறு போடுகிறேன்.

நேர்ந்தது நான். அவரைக் கேட்காமல், அவர் காலைக் கொண்டு நேர்ந்தேன். அவரைத் திருடன் என்றதும் நான். இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இந்த வயதில் எழுத்துக் கூட்டினேன்.

இந்தா கண்ணு, நோட்டைப் பிடி. உங்க அப்பா உள்ளதான் கீறான், கதவத் தொறந்து வெச்சிட்டு மொதல்லேந்து படி. வேகமா படிக்காத. எந்த எடத்துலயும் கொரலக் கொறைக்காத.